தலையில் அடிபட்டவருக்கு மூன்றாம் நாள் ஏன் மோசமாகிறது? மூளைக் காயமும் அழற்சியும்

"விபத்தில் தலையில் படுகாயமடைந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர், மூன்றாம் நாள் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்." மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன வரி. இரவில் வீதியில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதியது, தேங்காய் பறிக்க ஏறியவர் மரத்திலிருந்து விழுந்தது, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் யானை தாக்கியது என்று காரணம் மாறும். ஊருக்குள் எழும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. "நேத்து நல்லாக் கதைச்சவர்தானே?" "ஸ்கேன்ல பெரிசா ஒண்டுமில்ல எண்டாங்களே?" "மூளை வீங்கியிருக்கு எண்டு சொல்லிட்டு, வீக்கத்துக்கு ஒரு ஊசியும் போடல்லையே?"

மூன்றும் நியாயமான கேள்விகள். துக்கத்தோடும் கோபத்தோடும் கேட்கப்படுபவை. வார்டு வாசலில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இவற்றுக்கு இல்லை. மூளையில் அழற்சி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பதில் விளங்கும்.

ஒரு அடி, இரண்டு காயங்கள்

தலை தரையில் மோதும் அந்தக் கணத்தில் நடப்பது முதல் காயம். எலும்பு வெடிக்கலாம், குருதிக்குழாய் கிழியலாம், மூளை மண்டையோட்டின் உட்சுவரில் மோதிக் கன்றிப் போகலாம். தலை வேகமாகச் சுழன்றால் நரம்புக்கலங்களின் நீண்ட இழைகள் இழுபட்டுச் சேதமாகும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்தச் சேதத்தை எந்த வைத்தியராலும் நடக்காததாக்க முடியாது. முன்கூட்டியே தலைக்கவசம் அணிந்திருந்தால் அதைக் குறைக்கலாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசம் அணிந்தால் தலைக்காய ஆபத்து ஏறத்தாழ 69 சதவீதமும், மரண ஆபத்து ஏறத்தாழ 42 சதவீதமும் குறைகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணித்திருக்கிறார்கள். வயலுக்குப் போகும்போது ஹெல்மட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். "கிட்டத்தானே" என்பார்கள். தலை தரையில் மோதுவதற்கு நெடுந்தூரப் பயணம் தேவையில்லை.

இரண்டாம் காயம் அதன் பிறகு தொடங்குகிறது. மணித்தியாலங்களிலும் நாட்களிலும் மெல்ல மெல்ல விரிகிறது. உடைந்த கலங்களிலிருந்து வெளிவரும் பொருட்கள் பக்கத்துக் கலங்களைத் தாக்கும், நீர் கோர்க்கும், அமுக்கம் கூடும், ஒட்சிசன் குறையும். இப்படி ஒன்று இன்னொன்றைத் தூண்டிக்கொண்டே போகும் ஓட்டத்தின் நடுவில் இருப்பதுதான் அழற்சி. வைத்தியசாலையில் நடக்கும் போராட்டமெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் காயத்தோடுதான்.

அழற்சி என்பது என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும், நோகும். இந்த நான்கு அறிகுறிகளையும் முதலாம் நூற்றாண்டிலேயே உரோம எழுத்தாளர் செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். காயப்பட்ட இடத்துக்குக் கூடுதல் குருதி வருகிறது, குழாய்ச் சுவர்கள் இளகி நீரையும் வெண்குருதிக்கலங்களையும் வெளியே விடுகின்றன, அந்தக் கலங்கள் கிருமியையும் செத்த இழையத்தையும் அகற்றுகின்றன. இத்தனையும் சேர்ந்ததுதான் அழற்சி. அது நோயல்ல, உடல் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும் முதல் படி. அழற்சியே இல்லாத உடலில் சின்னச் சிராய்ப்புக்கூட ஆறாது.

மூளையிலும் அடிப்படை இதேதான். ஆனால் மூன்று விஷயங்களில் மூளை வேறுபடுகிறது.

1. மூளை இழையத்துக்குத் தனியாக நோவு தெரியாது. உள்ளே அழற்சி கூடினாலும் "இந்த இடம் நோகுது" என்று ஆள் கைகாட்ட முடியாது. தலையிடி, சத்தி, மயக்கம் என்று சுற்றி வளைத்துத்தான் வெளியே தெரியும்.

2. மூளையின் குருதிக்குழாய்களில் குருதி–மூளைத் தடுப்பு என்ற இறுக்கமான அரண் உண்டு. சாதாரண நாளில் வெண்குருதிக்கலங்களும் பல மருந்துகளும் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. அடிபட்டால் அந்த அரணில் ஓட்டைகள் விழுகின்றன.

3. வீங்குவதற்கு இடமில்லை. இதுதான் உயிருக்கு உலை வைப்பது. கீழே தனியாகப் பார்ப்போம்.

உள்ளே இருக்கும் காவற்கலங்கள்

மூளைக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் நோயெதிர்ப்புக் கலங்களின் பெயர் மைக்ரோக்ளியா. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா 1919இல் இவற்றைத் தனி வகையாக இனங்கண்டார். நெடுங்காலமாக, காயம் வரும்வரை இவை சும்மா கிடக்கின்றன என்றே நினைத்திருந்தார்கள். 2005இல் உயிருள்ள எலியின் மூளையை நுணுக்குக்காட்டியில் நேரடியாகப் பார்த்தபோது கதை மாறியது. மைக்ரோக்ளியாவின் மெல்லிய கைகள் ஓயாமல் நீண்டு, மடங்கி, பக்கத்துக் கலங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. லேசர் கதிரால் ஒரு சின்னப் புள்ளியில் காயம் உண்டாக்கியதும், சுற்றியிருந்த கலங்களின் கைகள் சில நிமிடங்களுக்குள் அந்தப் புள்ளியை நோக்கித் திரும்பி, அதைச் சூழ்ந்து மூடிவிட்டன.

அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? கலம் உடைந்தால் உள்ளே இருக்கவேண்டிய பொருட்கள் வெளியே சிந்தும். அவற்றில் முக்கியமானது ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறு. கலத்துக்குள் இருக்கும்வரை அது எரிபொருள், வெளியே சிந்தினால் ஆபத்துச் செய்தி. கிருமி எதுவும் இல்லாமலே, உடைந்த கலத்தின் சிதறல் மட்டுமே அழற்சியைத் தொடக்கிவிடும். தோல் கிழியாத, குருதி வெளிவராத "உள்ளடி" ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

அதன்பிறகு நடப்பதைக் கால வரிசையில் பார்க்கலாம். ஆளுக்கு ஆள் வேறுபடும், ஆனால் பொதுவான போக்கு இப்படித்தான்:

1. நிமிடங்களில்: மைக்ரோக்ளியா விழித்துக் காயத்தைச் சூழ்கிறது. கிழிந்த மூளை உறைகளையும் குழாய்களையும் தற்காலிகமாக அடைக்க முயல்கிறது.

2. மணித்தியாலங்களில்: சைட்டோகைன் எனப்படும் தூதுப் பொருட்கள் பெருகுகின்றன. இன்டர்லூக்கின்–1, இன்டர்லூக்கின்–6, டி.என்.எஃப். என்று ஆய்வுகூட அறிக்கைகளில் வருபவை இவைதான். இவற்றின் அழைப்பில் குருதியிலிருந்து நியூட்ரோபில் என்ற வெண்குருதிக்கலங்கள் வந்து சேர்கின்றன. முதல் ஓரிரு நாட்களில் இவற்றின் கூட்டம் உச்சத்தில் இருக்கும். இவை விடும் நொதியங்களுக்கு நல்ல இழையம், செத்த இழையம் என்ற பேதம் தெரியாது.

3. இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை: வீக்கம் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது. இளகிய குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. சக்தி தீர்ந்த கலங்கள் தங்களுக்குள்ளேயே நீரை இழுத்து உப்புகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

4. வாரங்களில்: செத்த கலங்கள் துப்புரவாக்கப்படுகின்றன. அஸ்ட்ரோசைட் என்ற துணைக்கலங்கள் காயத்தைச் சுற்றித் தழும்பு கட்டுகின்றன. புதிய குருதிக்குழாய்கள் முளைக்கின்றன, மீதமுள்ள நரம்பிழைகள் புது இணைப்புகளைத் தேடுகின்றன.

5. மாதங்களிலும் ஆண்டுகளிலும்: பலரில் அழற்சி அடங்கிவிடுகிறது. சிலரில் அடங்குவதில்லை.

"நேத்துக் கதைச்சவர் இன்டைக்கு ஏன் கண் முழிக்கல்ல" என்ற கேள்விக்கு மூன்றாவது படியில் பதில் இருக்கிறது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிபட்ட முதல் சில மணித்தியாலங்களுக்குள் ஆள் மயங்கினால், அது பெரும்பாலும் அழற்சியல்ல, குருதிக் கசிவு. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே தமனி கிழிந்து குருதி தேங்கினால், நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவரே திடீரென்று சரிவார். அதற்கு அவசரச் சத்திரசிகிச்சை வேண்டும். மணிக்கணக்கு கூட இல்லை, நிமிடக் கணக்கு.

மண்டையோடு விரியாது

வளர்ந்தவரின் மண்டையோட்டுக்குள் இருப்பவை மூன்று: ஏறத்தாழ 80 சதவீதம் மூளை, 10 சதவீதம் குருதி, 10 சதவீதம் மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்திருக்கும் நீரான மூளைய முண்ணாண் பாய்பொருள். ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். வீக்கம் தொடங்கியதும் பாய்பொருள் முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கும், நாளக் குருதி வெளியேறும். அதனால் ஆரம்பத்தில் அமுக்கம் பெரிதாகக் கூடாது. ஒதுங்க இனி ஒன்றுமில்லை என்ற எல்லை வந்ததும், மிகச் சிறிய வீக்கம்கூட அமுக்கத்தைச் செங்குத்தாக ஏற்றிவிடும்.

மாரி மழைக்கு நம் மட்டக்களப்பு வாவி நடந்துகொள்வதும் இப்படித்தான். பாலமீன்மடு முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடக்க, மேற்கேயிருந்து வெள்ளம் வந்து சேரும். சில நாட்களுக்கு வாவி தாங்கும், கரையோரம் நனையும், அவ்வளவுதான். எல்லை தாண்டிய பிறகு ஒரே இரவில் வயலும் வீடும் நீருக்குள். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவது தவிர வழியில்லை.

மண்டையோட்டுக்குள் சாதாரண அமுக்கம் 7 முதல் 15 மில்லிமீற்றர் இரசம். 22ஐத் தாண்டி நின்றால் சிகிச்சை தேவை என்பது சர்வதேச வழிகாட்டல். ஏன் இது உயிர்ப் பிரச்சினை என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். மூளைக்குக் குருதியைத் தள்ளும் விசை, உடலின் சராசரிக் குருதி அமுக்கத்திலிருந்து மண்டையோட்டு அமுக்கத்தைக் கழித்தால் வருவது. சராசரி 80, உள்ளே 15 என்றால் மிச்சம் 65. மூளைக்கு 60 முதல் 70 வரை இருந்தால் நல்லது, ஆகவே பாதகமில்லை. உள்ளே அமுக்கம் 30 ஆகி, வேறு காயத்தால் குருதி போய்ச் சராசரி 70க்கு இறங்கினால் மிச்சம் 40 மட்டுமே. மூளை பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் கலங்கள் சாகும், செத்த கலங்கள் மீண்டும் அழற்சியைத் தூண்டும், வீக்கம் மேலும் கூடும்.

கடைசி வழியாக மண்டையோட்டின் ஒரு பெரிய துண்டை எடுத்து வைத்துவிட்டு மூளை வீங்க இடம் கொடுப்பார்கள். 2016இல் வெளியான 408 பேரைக் கொண்ட சர்வதேச ஆய்வில், மருந்தால் அமுக்கம் இறங்காதவர்களுக்கு இதைச் செய்தபோது ஆறு மாதத்தில் மரணம் 48.9 சதவீதத்திலிருந்து 26.9 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உணர்வற்ற நிலையிலேயே கிடந்தவர்கள் 2.1 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் கூடினார்கள். இந்தச் சத்திரசிகிச்சைக்குக் கையொப்பம் கேட்கும்போது வைத்தியர் தயங்கித் தயங்கிக் கதைப்பதற்குக் காரணம் இதுதான். குடும்பம் இரண்டு எண்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"வீக்கத்துக்கு ஊசி போடல்லையே?"

வீக்கத்தை அடக்கும் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்டீரொயிட். பக்கத்து வீட்டில் யாருக்காவது மூளைக் கட்டி வந்து டெக்சாமெதசோன் கொடுத்து, இரண்டே நாளில் எழும்பி இருந்ததைப் பார்த்திருப்பார்கள். காசநோயால் வரும் மூளைக்காய்ச்சலுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். அப்படியானால் அடிபட்டவருக்கு ஏன் இல்லை?

ஒருகாலத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுக்கத் தலைக்காயத்துக்கு ஸ்டீரொயிட் கொடுத்தார்கள். பிறகு கிராஷ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 10,008 பேரோடு நிறுத்தினார்கள். நிறுத்தியதற்குக் காரணம், மருந்து ஆளைக் கொல்வது தெரிந்துவிட்டது. 2004இல் வெளியான முடிவு: மெதில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் கொடுக்கப்பட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், கொடுக்கப்படாதவர்களில் 17.9 சதவீதம். நூறு பேருக்குக் கொடுத்தால் மூன்று பேர் கூடுதலாகச் சாகிறார்கள். அன்றிலிருந்து தலைக்காயத்தின் வீக்கத்துக்கு ஸ்டீரொயிட் கொடுக்கக்கூடாது என்பது உறுதியான விதி.

கட்டியில் வேலை செய்வது காயத்தில் ஏன் செய்யவில்லை? கட்டியைச் சுற்றிய வீக்கம் பெரும்பாலும் குழாய்க் கசிவு. ஸ்டீரொயிட் அந்தக் கசிவை இறுக்கும். அடிபட்ட மூளையில் கசிவோடு, கலங்களே உப்பிப்போகும் வீக்கமும் சேர்ந்திருக்கிறது. அதை ஸ்டீரொயிட் தொடாது. கூடவே குருதியில் சீனியை ஏற்றும், கிருமித்தொற்றுக்கு வழிவிடும். இன்னொரு பெரிய காரணமும் உண்டு.

அடக்கினால் ஆறுவதும் நின்றுவிடும்

மேலே சொன்ன ஐந்து படிகளில் நான்காவதை மீண்டும் பாருங்கள். துப்புரவு, தழும்பு, புதுக்குழாய், புது இணைப்பு எல்லாமே அழற்சிக் கலங்களின் வேலைதான். சேதம் செய்கிறவையும் செப்பனிடுகிறவையும் வேறு வேறு கலங்கள் என்றால் ஒன்றைக் கொன்று மற்றதை விட்டுவிடலாம். ஒரே கலம் இரண்டு வேலையையும் செய்கிறது, நேரத்தைப் பொறுத்து.

2020இல் வெளியான ஓர் எலி ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மூளைக் காயமுள்ள எலிகளில் மைக்ரோக்ளியாவை மருந்தால் அழித்தார்கள். அழித்ததால் மட்டும் பெரிய பயன் இல்லை. மருந்தை நிறுத்தி, புதிய மைக்ரோக்ளியா முளைக்க விட்டபோதுதான் எலிகளின் கற்றலும் நினைவும் தேறின. அந்தத் தேறலுக்கு இன்டர்லூக்கின்–6 தேவைப்பட்டது. கெட்டது என்று நாம் பட்டியலிட்ட அதே தூதுப் பொருள்தான்.

மனிதரில் 2018இல் நடந்த ஒரு சிறிய ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. அடிபட்டு மாதங்கள் கழிந்தும் அழற்சி அடங்காதவர்களுக்கு மினோசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். ஸ்கேனில் மைக்ரோக்ளியாவின் பரபரப்பு குறைந்தது. ஆனால் நரம்புக்கலங்கள் அழிவதைக் காட்டும் ஒரு பொருளின் அளவு குருதியில் கூடிவிட்டது. அழற்சியை அடக்கினார்கள், அழிவு கூடியது.

இதேபோல, புரோஜெஸ்டெரோன் என்ற ஹோர்மோன் (2014இல் இரண்டு பெரிய ஆய்வுகள்), உடலைக் குளிரவைத்தல் (2015, 2018) என்று எலியில் நம்பிக்கை தந்த பல சிகிச்சைகள் மனிதரில் எடுபடவில்லை. எந்த நேரத்தில், எந்த அழற்சியை, எவ்வளவு அடக்குவது என்ற கேள்விக்கு விடை வரும்வரை, தலைக்காயத்துக்கு அழற்சி அடக்கும் மருந்து என்று யாராவது விற்றால், ஊசியோ, குளிசையோ, மூலிகையோ, வாங்கவேண்டாம்.

அப்படியென்றால் வைத்தியசாலையில் என்ன செய்கிறார்கள்?

அழற்சியை நேரடியாக அடக்க முடியாவிட்டாலும், அதற்குத் தீனி போடுவதை நிறுத்தலாம். வெளியிலிருந்து பார்த்தால் "சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்" என்று தோன்றும். ஆனால் கட்டிலருகே நடக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

1. ஒட்சிசன். அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போகவிடமாட்டார்கள். தேவையென்றால் குழாய் போட்டு இயந்திரத்தில் சுவாசிக்க வைப்பார்கள். மூச்சு மந்தமாகி காபனீரொட்சைட் தேங்கினால் மூளைக் குழாய்கள் விரிந்து அமுக்கம் கூடும்.

2. குருதி அமுக்கம். மேல் எண் 110க்குக் குறையாமல் வைக்கப் பார்ப்பார்கள் (50 முதல் 69 வயது வரை 100). கடுமையான தலைக்காயத்தில் அது ஒரு தடவை 90க்குக் கீழே இறங்கினாலே மரண ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு.

3. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துதல். நாளக் குருதி இறங்க வழி. பார்க்க வருகிறவர்கள் "ஆள் வசதியாப் படுக்கட்டும்" என்று அதை இறக்கிவிடக்கூடாது.

4. மனிற்றோல் அல்லது செறிவான உப்புக் கரைசல். இதுதான் உண்மையில் "வீக்கத்துக்கான ஊசி". மூளையிலிருந்து நீரைக் குருதிக்குள் இழுக்கும். அழற்சியை மாற்றாது, நேரம் வாங்கித் தரும்.

5. காய்ச்சல், சீனி, வலிப்பு. மூன்றும் மூளையின் சக்தித் தேவையைக் கூட்டும் அல்லது கலங்களை வதைக்கும். முதல் 7 நாட்களுக்கு வலிப்பைத் தடுக்கும் மருந்து கொடுப்பது வழக்கம்.

6. திரும்பத் திரும்பப் பெயர் கேட்பது, கையை அசைக்கச் சொல்வது. தாதியர் இரவிலும் வந்து எழுப்புவது தொந்தரவுக்கல்ல. 1974 முதல் பயன்பாட்டில் உள்ள கிளாஸ்கோ அளவுப்படி 3 முதல் 15 வரை புள்ளியிடுகிறார்கள். 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடுமையான காயம். 15 இருந்தவர் 13க்கு இறங்கினால் உள்ளே ஏதோ மாறுகிறது என்று பொருள்.

இதில் முதல் இரண்டும் வைத்தியசாலை வாசலில் தொடங்குவதில்லை. வீதியில் தொடங்குகின்றன. பொத்துவிலில் அடிபட்டவர் மட்டக்களப்புக்கு வந்து சேர நூறு கிலோமீற்றருக்கு மேல். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்குப் பாதை இலகுவாகிவிட்டது, ஆனாலும் உள்ளூர்களிலிருந்து பிரதான வீதிக்கு வரவே நேரம் பிடிக்கும். மயங்கிய ஆளை ஆட்டோவின் பின் சீட்டில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனால், நாக்கு பின்னே விழுந்து மூச்சு அடைபடும். வழியில் இழக்கும் அந்த ஒட்சிசனை எந்த அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் திருப்பித்தர முடியாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஒட்சிசனும் பயிற்சி பெற்றவரும் அதிலேயே இருப்பார்கள். அது வரும்வரை கழுத்தை முறுக்காமல் வைத்திருங்கள். தண்ணீர், சோடா எதையும் வாயில் ஊற்றவேண்டாம். சத்தி வந்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒன்றாகத் திருப்பிப் பக்கவாட்டில் கிடத்துங்கள்.

ஸ்கேன் "கிளியர்" என்றால்?

சீ.டி. ஸ்கேன் காட்டுவது குருதி, எலும்பு வெடிப்பு, பெரிய வீக்கம். இழுபட்ட நரம்பிழைகளையும், கலங்களின் அளவில் நடக்கும் அழற்சியையும் அது காட்டாது. ஆகவே "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்றால் "இப்போது சத்திரசிகிச்சை தேவையான எதுவும் இல்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தலையிடி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுதல், மறதி, எரிச்சல் எல்லாம் ஸ்கேன் சுத்தமாக இருந்தும் வரலாம். "நடிக்கிறான்" என்று சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பப்பட்டவரைத் தூங்கவிடலாம். முதல் இரவில் இடைக்கிடை எழுப்பி, ஒழுங்காகப் பதில் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்லப் பழைய வேலைக்கு. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடத்துவதை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. நோவுக்குப் பெனடோல் போதும். டிக்ளோபினக், இபுபுரூபன், அஸ்பிரின் ஆகியவை குருதி உறைவதைக் குறைக்கும் என்பதால் முதல் நாட்களில் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். நோ எண்ணெய் பூசித் தலையை உருவுவதும் வேண்டாம். சுளுக்குக்கு உதவும் கை, வெடித்த மண்டையோட்டில் தீங்கு செய்யும். திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிதல்: இவற்றில் ஒன்று வந்தாலும் திரும்ப ஓடவேண்டும்.

வயதானவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கிணற்றடியில் சின்னதாக வழுக்கி விழுந்த அம்மம்மா, மூன்று நான்கு வாரம் கழித்துத் தடுமாறுவார், ஆட்களை மாறி அழைப்பார். "வயசாகிட்டு" என்று விட்டுவிடுவோம். மூளை உறைக்குக் கீழே மெல்லக் கசியும் குருதியைச் சுற்றி அழற்சி ஒரு மெல்லிய சவ்வைக் கட்டும், அதில் முளைக்கும் குழாய்கள் மேலும் கசியும், இப்படித்தான் அது வாரக்கணக்கில் பெருக்கிறது. குருதி உறைவதைத் தடுக்கும் வாபரின், குளோபிடோகிரல் எடுப்பவர்களில் இது கூடுதல். சிறு துளையிட்டு வடித்தால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள். இதற்கும் ஸ்டீரொயிட் உதவுமா என்று 2020இல் வெளியான ஆய்வில் பார்த்தார்கள். கொடுக்கப்பட்டவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது.

ஆண்டுகள் கழிந்த பிறகும்

2011இல் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வு, அடிபட்டு 17 ஆண்டுகள் வரை கடந்தவர்களின் மூளையிலும் மைக்ரோக்ளியா இன்னும் விழித்திருப்பதைக் கண்டது. அடிபட்ட இடத்தில் மட்டுமல்ல, அதிலிருந்து தொலைவில் உள்ள பகுதிகளிலும். 2013இல் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தவர்கள், ஒரேயொரு காயத்துக்குப் பிறகு 18 ஆண்டுகள் வரை வாழ்ந்தவர்கள் சிலரில் அழற்சியோடு, நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருள் மெலிந்து கிடந்ததைப் பதிவு செய்தார்கள். தலைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு, மனச்சோர்வு, பிற்காலத்தில் மறதிநோய் ஆகியவை கூடுதலாக வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. இப்படி விழிப்பில் இருக்கும் மைக்ரோக்ளியா, அடுத்த காய்ச்சலுக்கோ அடுத்த அடிக்கோ மிகையாகப் பொங்கும் என்று விலங்காய்வுகள் காட்டுகின்றன. முதல் அடியின் அறிகுறிகள் தீருமுன் பிள்ளையைக் கால்பந்துக்கு அனுப்பவேண்டாம் என்பது அதனாலும்தான்.

நம் மாவட்டங்களில் இதை எழுதும்போது யுத்தத்தைத் தாண்டிப் போக முடியாது. 2009 வரை நீடித்த ஆண்டுகளில் ஷெல் துண்டும் சன்னமும் தலையில் பட்டுப் பிழைத்தவர்கள், குண்டு வெடித்த அதிர்ச்சியில் வெளிக்காயமே இல்லாமல் மயங்கி எழும்பியவர்கள், 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் காயப்பட்டவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்று சின்னச் சத்தத்துக்கும் சினந்து எழும்பினால், கடைக்குப் போய்ச் சாமானை மறந்து வந்தால், வேலையில் நிலைக்காமல் போனால், ஊர் சொல்வது "ஆள் குணம் மாறிட்டு" அல்லது "ஆருக்கோ கண்பட்டிட்டு". மனத்தில் பட்ட காயமும் மூளையில் பட்ட காயமும் ஒரே ஆளில் சேர்ந்திருக்கலாம், அறிகுறிகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வரும். கோயிலில் நூல் கட்டுவது அவரவர் நம்பிக்கை, அதற்கு நான் எதிரில்லை. கிளினிக் போவதை அதற்காக நிறுத்தவேண்டாம்.

மூளையில் எரிந்துகொண்டிருக்கும் அந்தப் பழைய அழற்சியை அணைக்கும் மருந்து இன்று எவரிடமும் இல்லை. ஆனால் அதன் விளைவுகளில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வலிப்புக்கு மருந்து உண்டு, மனச்சோர்வுக்கு உண்டு, தூக்கக் குறைவுக்கு உண்டு, நினைவுக்கும் பேச்சுக்கும் பயிற்சி உண்டு. வைத்தியரிடம் போகும்போது பழைய டயக்னோசிஸ் கார்ட் கிடந்தால் எடுத்துப் போங்கள். அது தொலைந்திருந்தாலும், எந்த ஆண்டு, எப்படி அடிபட்டது, எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தார் என்ற மூன்றையும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். உடம்பில் எங்காவது இரும்புத் துண்டு இருப்பதாகத் தெரிந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லும்போதே அதைச் சொல்லிவிடுங்கள், அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை அசைக்கக்கூடும். கூட வாழ்கிறவரும் உள்ளே போய் உட்காருவது நல்லது. எரிச்சலும் மறதியும் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று அடிபட்டவருக்கே பல நேரம் தெரிவதில்லை.